மாப்பிள்ளை விட்டுப்போன எலி மருந்து டப்பா

கரட்டுக்காடு,
ஏரியூர் வழி.
தாது வருஷம், புரட்டாசி மாதம்.

பாலக்கோடு முகாமில் பிளேக் டூட்டி பார்த்துவரும், மரியாதைக்கும் அன்புக்கும் உரிய மாப்பிள்ளை சென்றாயன் அவர்களுக்கு, காட்டிலாகாவில் கார்டு வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமனார் மாரப்பன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது:

இவ்விடம் நான், என் சம்சாரம் ரங்கம்மாள், தங்கள் மனைவியாகிய என் மகள் பழனியம்மாள், மாடு, ஆடு, கோழி சகலரும் க்ஷேமம். இப்படி எழுதுவதுதான் முறை, ஆகையால் எழுதிவிட்டேன். கீழே உள்ளதைப் படித்த பிறகு அந்த க்ஷேமத்தைத் தாங்களே அடித்துவிடலாம்.

தாங்கள் பழனியம்மாளைத் தலைப்பிரசவத்துக்காக எங்கள் வூட்டில் கொண்டுவந்து விட்ட அன்று, வண்டியிலிருந்து அவளும் இறங்கினாள், அவளுக்குப் பின்னால் மண்டையோடு படம் போட்ட ஒரு தகர டப்பாவும் இறங்கியது. எலி வளைக்குள் ஊதுகிற பொடி என்றீர்கள். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் பாலக்கோட்டில் எலி செத்து விழுகிறதென்று ஆள் வந்து கூப்பிட, தாங்கள் வண்டியோடு ஓட்டிவந்த சைக்கிளின் பின்னால் ஊதுகிற பம்பைக் கட்டியதும் டப்பாவுக்கு இடமில்லாமல் போக, "மாமா, இது இங்கியே இருக்கட்டும், நாளைக்கே வந்து எடுத்துக்கறேன்" என்றீர்கள். ஒரு கால் பெடலில், ஒரு கால் தரையில். அந்த நிலையில்தான் சொன்னீர்கள்: இந்தப் பொடியில் ஈரம் படக்கூடாது, பட்டால் விஷக் காற்று கிளம்பும், அது கண்ணுக்குத் தெரியாது, மூக்கில் ஏறினால் ஆள் தேறுவது கஷ்டம், கொட்டிப்போனால் தண்ணீர் ஊற்றவே கூடாது, எல்லாரும் காற்று வருகிற பக்கமாக ஓடவேண்டும், விழுந்தவனை வெளிக்காற்றுக்கு இழுத்துப் போட வேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "பயப்படாதீங்க மாமா" என்று மணியடித்துக்கொண்டு போனீர்கள். நான் கோபிக்கவில்லை. மாப்பிள்ளையைக் கோபிக்கிற வழக்கம் எங்கள் வம்சத்தில் கிடையாது. ஆனால் அந்த நாளைக்கு இன்னும் விடியவில்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

விஷக் காற்று கிளம்பினால் எப்படித் தெரியும் என்று சைக்கிளுக்குப் பின்னால் ஓடிவந்து கேட்டேன். கசந்த வாதுமைக் கொட்டை வாசம் அடிக்கும் என்றீர்கள். நான் பிறந்தது கரட்டுக்காடு, வேலை பார்த்தது ஒகேனக்கல் காடு, எனக்கு யானை வாசம் தெரியும், கரடி வாசம் தெரியும், சந்தன மரத்தைத் திருடிக்கொண்டு போகிறவனுடைய பீடி வாசம் தெரியும், வாதுமை வாசம் தெரியாதுங்களே. அந்த வாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமே என்று பென்னாகரம் சந்தைக்கு நடந்தே போய், நாட்டு மருந்துக் கடையில் வாதுமை வாங்கி மோந்து பார்த்தால் அதில் ஒரு வாசமும் இல்லை. கடைக்காரர், "இது இனிப்பு வாதுமைங்க, கசப்பு வாதுமை வேற, அதை இந்தப் பக்கம் யாரு வாங்கறாங்க?" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்கு எல்லாமே வாதுமை வாசமாக அடிக்கிறது. புளி கரைத்தால் வாதுமை. ஆட்டுக்குட்டி பக்கத்தில் வந்தால் வாதுமை. ரங்கம்மாள் விளக்கெண்ணெய் தேய்த்துத் தலைவாரினாள், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலிவரை ஓடிவிட்டேன்.

அந்த டப்பாவை மாட்டுக்கொட்டாயில் வைக்கலாம் என்று எடுக்கப் போனேன். தங்கள் மாமியார் குறுக்கே படுக்காத குறை. "மாப்ளே நம்பிக் குடுத்துட்டுப் போன பொருளு, அதைக் கொண்டுபோயி மாட்டுக்கிட்ட வெக்கறதா? நாளைக்கி அவரு வந்து கேட்டா நம்ம மரியாதை என்னாவறது?" என்று சொல்லி, அதை நடுவூட்டில் சீதனப் பெட்டிமேல் வைத்து, துடைத்து, அந்த மண்டையோட்டின் நெத்தியில் குங்குமமும் வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமையானால் சாம்பிராணி வேறு. வருகிறவர்களிடமெல்லாம் "எங்க மாப்ளையோடது, கெவருமெண்டு சாமான்" என்று காட்டுகிறாள். விஷம் என்று நான் சொன்னதற்கு, "அது எலிக்குத்தானுங்களே, நீங்க எலியா?" என்று கேட்டாள்.

சரி, டப்பா நகராது, தண்ணீரையாவது நகர்த்துவோம் என்று வூட்டுக்குள் தண்ணீர் வருவதைத் தடுத்தேன். குடம் மாட்டுக்கொட்டாய்க்குப் போனது. வாசல் தெளிப்பது, சாணி மெழுகுவது நிறுத்தம். கால் கழுவிவிட்டு உள்ளே வரக்கூடாது, ஈரத் தலையோடு வரக்கூடாது. மருத்துவச்சி குள்ளம்மாள் புள்ளத்தாச்சியைப் பார்க்க வந்தவள், வழக்கப்படி காலைக் கழுவிக்கொண்டு ஏறினாள். நான் தடியை எடுத்துக்கொண்டு நின்றேன். அவள் ஊர் முழுக்கப் போய், மாரப்பனுக்கு காத்துக் கருப்பு புடிச்சிருக்குது என்று சொல்லிவிட்டாள். ரங்கம்மாளோ, "சாணி தெளிக்காத வூட்ல என்னா கொழந்த பொறக்கும்?" என்று ஒப்பாரி வைக்காத நாளில்லை. ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் ஒத்திகையும் சொல்லிக் கொடுத்தேன். வாசம் அடித்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட வேண்டும் என்றேன். "மூச்சைப் புடிச்சிக்கிட்டு எப்பிடிங்க கூப்புடறது?" என்று கேட்டாள் தங்கள் மாமியார். பழனியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நிறை கர்ப்பிணி, எழுந்து நிற்கவே ஒரு கை பிடிக்க வேண்டியிருக்கிறது, இவளை எந்தப் பக்கம் காற்றடிக்கிறது என்று பார்த்து நான் எப்படி ஓட வைப்பேன்? யானைக்கு முன்னால் நின்றிருக்கிறேன். இப்போது ராத்திரி முழுக்க ஒரு தகர டப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்து காவல் காக்கிறேன்.

இதுக்கு நடுவுல மழை சமாச்சாரம். ஆடியும் பெய்யல, ஆவணியும் பெய்யல, ராகிக் கதிரு பூட்டையோட காய்ஞ்சி நிக்குது, ஊர்சனம் எல்லாம் மாரியாத்தா கோயில்ல கூடி மழைக்கு வேண்டிக்கிட்டாங்க. எங்க கூரையில மஞ்சம்புல்லு மாத்தி வருசக்கணக்காச்சு, மழை பேஞ்சா சீதனப் பெட்டிக்கு நேரா மேலதான் ஒழுகும், அது அந்தக் கூரை வாங்கி வந்த வரம். நானும் கோயில்ல கண்ணை மூடிக்கிட்டு நின்னேன். மனசுக்குள்ள வேண்டிக்கிட்டதா நெனச்சிக்கிட்டு வாய்விட்டே, "ஆத்தா, மழை வேணாம், எங்க வூட்டு மேல மட்டுமாவது வேணாம்"னு சொல்லிட்டேன் போல. கண்ணைத் தொறந்தா ஊர்க்கவுண்டர் பச்சியப்பன் என்னையே பாத்துக்கிட்டு நிக்கறாரு. "மாரப்பா, அப்ப நீதானா அது?"ன்னாரு. ஊருக்கு மழை வராம தடுக்கற பாவி ஒருத்தன் இருப்பான்னு சொல்லி வைக்கோல்ல பொம்மை கட்டி, கொடும்பாவின்னு பேரு வெச்சி, தெருத்தெருவா இழுத்து, மாரடிச்சி அழுவாங்க இல்லிங்களா? இந்த வருசத்துக் கொடும்பாவிக்கு காக்கிக் கோட்டு போட்டு, காட்டிலாகா தொப்பி வெச்சி, எனக்கு இருக்கிற மாதிரியே மீசை வெச்சிட்டாங்க. அதை இழுத்தாந்து எங்க வூட்டு வாசல்லயே நிறுத்திட்டாங்க. பொம்பளைங்க, "கொடும்பாவி சாகாளோ, கோடை மழை பேயாதோ"ன்னு மாரடிக்கறாங்க, வழக்கப்படி அது மேல ஊத்தறதுக்குக் கொடத்துல தண்ணியோட நாலு பேரு வாசல்ல நிக்கறாங்க. ரங்கம்மாளும் கூட நின்னு அழுதாள். யாருக்காகடி அழுவறேன்னு கேட்டேன். "எனக்கென்னா தெரியும், எல்லாரும் அழுதாங்க"ங்கறாள்.

அந்தத் தண்ணி வூட்டுக்குள்ள தெறிச்சிடுமோன்னு பயந்து, வேற வழியில்லாம வாசல்ல நின்னு டப்பா சமாச்சாரத்தைச் சொல்லிட்டேன். ஈரம் பட்டா விஷம், வாதுமை வாசம், காத்து வர்ற பக்கமா ஓடணும், எல்லாத்தையும். அம்புட்டுத்தான். கொடத்தைப் போட்டாங்க, கொடும்பாவியைப் போட்டாங்க, ஒருத்தரும் தெருவுல இல்ல. அதே நேரம் பாத்து மேக்கே கரட்டுக் குன்று மேல மேகம் கறுத்து, இடி இடிச்சிது. பச்சியப்பக் கவுண்டர் கரட்டோரத்துல இருந்து கத்தறாரு: "ஆத்தா, இப்ப வேணாம் ஆத்தா, நாளைக்கி வா!" அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரல மாப்பிள்ளை, அழுகைதான் வந்துச்சு.

நான் ராகி உமியைக் கையில அள்ளி மேலே வுட்டுப் பாத்தேன், காத்து மேக்கே இருந்து கெழக்கே போவுது. உடனே மாட்டைப் பூட்டி, பழனியம்மாளைத் தூக்கி வண்டியில வெச்சி, "கைக்குக் கெடச்ச துணிமணியை ஏத்துடி"ன்னு ரங்கம்மாளுக்குச் சொல்லிட்டு, நான் அந்தப் பெட்டியத் திரும்பிக்கூடப் பாக்காம வூட்டைப் பூட்டி, சாவியை இடுப்புல சொருகிக்கிட்டு, மேக்கே எங்க கல்லாங்காட்டுல இருக்கிற காவல் கொட்டாய்க்கு வண்டியை வெரட்டிக்கிட்டு வந்துட்டேன். எங்களைப் பாத்துத் தெருவே பின்னால வந்துடுச்சு. மழைன்னா அப்பிடியொரு மழை. கரட்டு மேல ஏறி நின்னு எல்லாரும் எங்க வூட்டுக் கூரையையே பாத்துக்கிட்டு நிக்கறாங்க. ஒரு காக்கா கூரை மேல உக்காந்துச்சு, சனம் மூச்சு வுடல. அது எழுந்து பறந்ததும் கை தட்டறாங்க.

மாப்பிள்ளை, மழை கொட்டிக்கிட்டிருக்கும்போதே பழனியம்மாளுக்கு வலி எடுத்து, குள்ளம்மாள் கையில தங்களுக்குப் பொண்ணு பொறந்திருக்குது. நல்ல குரலு, கொட்டாய்க்கு வெளியில இடி சத்தத்தையும் மீறிக் கேட்டுச்சு. தாயும் புள்ளையும் சௌக்கியம். குள்ளம்மாள் என்னைப் பாத்து, "இந்தப் புள்ள உசிரோட பொறந்ததே நீங்க ஓடியாந்ததுனாலதானுங்க"ன்னு சொன்னாள். நான் அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்திக்கிட்டேன். கொழந்தையையும் அந்த எமனையும் பிரிச்சி வெச்சாச்சு, அந்த ஒரு நிம்மதியிலதான் உக்காந்து இதை எழுதறேன்.

ஆகவே தாங்கள் உடனே புறப்பட்டு வரவும். நேரே எங்கள் வூட்டுக்குப் போக வேண்டாம், மேற்குப் பக்கமாக வந்து, முதலில் உமி தூவிக் காற்றைப் பார்க்கவும். சாவி கொட்டாயில் என்னிடம் இருக்கிறது, வாங்கிக்கொண்டு போய், கூரையைப் பிரித்துக் காற்றுப் போக விட்ட பிறகே கதவைத் திறக்கவும். காலைக் கழுவாமல் உள்ளே போகவும், மாமியார் தப்பாக நினைக்க மாட்டாள், நான் சொல்லிவிட்டேன். பக்கத்து வூட்டு வேடியப்பன் இதை எடுத்துக்கொண்டு பென்னாகரம் பஸ்ஸுக்கு ஓடக் காத்திருக்கிறான். தங்கள் உத்தியோகம் மேன்மேலும் உயரவும், தங்கள் கையால் எலிகள் மட்டுமே சாகவும் மாரியாத்தாளை வேண்டிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நன்மையையே நாடும் மாமனார்,
மாரப்பன்.

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது ரங்கம்மாள் வந்து, "எழுதிட்டீங்கன்னா அந்த மூட்டையை இப்பிடிக் குடுங்க, மேல சுத்துன சேலை நனைஞ்சிருக்குது, மாத்திக் கட்டணும்" என்கிறாள். எந்த மூட்டை என்று கேட்டேன். நான் இவ்வளவு நேரமும் முறத்தைக் கவிழ்த்து, அதன் மேல் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்த மூட்டைதான். "மாப்ளே பொருளை ஒழுகற வூட்ல வுட்டுட்டு வருவாங்களா? வண்டியில மொதல்ல அதைத்தான் ஏத்துனேன், நீங்கதான் திரும்பியே பாக்கல" என்கிறாள். பிரசவம் ஆகிற வரைக்கும் பழனியம்மாள் கட்டிலுக்குக் கீழே இருந்திருக்கிறது. பிறகு அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்து, காலை நீட்டி, கொழந்தையைக் கால் மேல போட்டு, சொம்பு சொம்பாத் தண்ணி ஊத்திக் குளிப்பாட்டியிருக்கறாள் குள்ளம்மாள். தண்ணி வழிஞ்சி மூட்டை முழுக்க ஈரம். உள்ளே டப்பாவின் மூடி எப்படி இருக்கிறதென்று பார்க்க எனக்குத் தைரியமில்லை. காத்தும் இப்ப கெழக்கே இருந்து வருது, தாயையும் புள்ளையையும் தூக்கிக்கொண்டு நாங்க வூட்டுக்கே ஓடறோம், நீ கொட்டாய்க்கு வா. கரட்டு மேல இருக்கிற சனத்துக்கு நான் என்ன சொல்லுவேனோ தெரியாது. இனிமே தாங்கள், அவர்கள் எல்லாம் எழுத நேரமில்லை. டேய் சென்றாயா, எந்திரிச்சி சைக்கிள்ல ஏறுடா!