காணப்படாத வெண்ணெய்

எங்கள் துறையில் சுற்றுப்பயணம் போகிறவன் என்ன சாப்பிடுவான் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். எங்கே போகிறான், எதற்குப் போகிறான் என்பதெல்லாம் அவ்வளவு முக்கியமில்லை. பயணப் படிவத்தில் அவற்றுக்கு ஒரு வரிதான். உணவுக்கு அரைப் பக்கம்.

காரணம் உண்டு. என்றைக்கோ ஓர் இயக்குநர் வெளியூரில் கண்ட இடத்தில் தின்றுவிட்டு மூன்று நாள் படுத்துவிட்டார். எழுந்ததும் ஆணை போட்டார். அலுவலர் எவரும் அங்கீகரிக்கப்பட்ட உணவிடத்தில் மட்டுமே உண்ண வேண்டும்; உண்டதற்கு முத்திரையிட்ட சீட்டு வாங்க வேண்டும்; சீட்டில்லாத நாள், பயணம் மேற்கொள்ளப்படாத நாளாகக் கருதப்படும். அந்த இயக்குநர் ஓய்வு பெற்றுப் பல வருஷமாகிறது. அவருடைய வயிறு மட்டும் இன்னும் பணியில் இருக்கிறது.

நான் தராசு ஆய்வாளன். கடை கடையாகப் போய் தராசும் எடைக்கல்லும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து முத்திரை குத்துவது என் வேலை. மாதத்தில் இருபது நாள் ஊர் சுற்றல். ஒரு தடவை பால் பண்ணை ஒன்றில் தராசு பார்க்கப் போயிருந்தபோது, பிறந்து இரண்டு நாளான கன்றைத் தாயிடமிருந்து பிரித்து வண்டியில் ஏற்றினார்கள். அது கத்தியதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அங்கே யாருமே திரும்பிப் பார்க்கவில்லை என்பதுதான் மனசை என்னவோ செய்துவிட்டது. அன்றோடு பால், தயிர், வெண்ணெய், நெய் எதுவும் எனக்கு இறங்குவதில்லை.

ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் சாமியார் ஆகிவிடவில்லை. எனக்கு நாக்கு நீளம். நல்ல சாப்பாடு கிடைக்காத நாளில் என் மனைவியே எனக்கு எதிரே வரமாட்டாள். நான் விட்டது பாலைத்தான், ருசியை இல்லை. இந்த வித்தியாசம் புரிந்த ஆள் எங்கள் துறையில் ஒருவர்கூட இல்லை.

படிவத்தில் இரண்டே கட்டங்கள்: சைவம், அசைவம். மூன்றாவதாக ஒரு கட்டம் வேண்டுமென்று மனுக் கொடுத்தேன். எட்டு மாதம் கழித்துத் தலைமை எழுத்தர் கூப்பிட்டனுப்பினார்.

"பால் சாப்பிடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா?"

"இல்ல சார். நானாத்தான் விட்டேன்."

"நானாத்தான்கிற காரணத்துக்குக் கோப்புல இடம் இல்லையேப்பா."

ஆனாலும் நல்ல மனுஷர். எங்கிருந்தோ ஒரு விதியைத் தேடிப்பிடித்து மூன்றாவது கட்டத்தை வாங்கிக் கொடுத்தார். அதற்கு 'நனிசைவம்' என்று பெயரும் வைத்தார்கள். விருந்தினர் விடுதிச் சமையல்காரருக்கு வழிகாட்டுக் குறிப்பு போயிற்று: வழக்கமான உணவுப் பட்டியலிலிருந்து விலக்கத்தக்கவை அனைத்தையும் விலக்கி, எஞ்சுவதைப் பரிமாறவும்.

சமையல்காரர் வரிக்கு வரி நடப்பவர். சூப்பில் பாலாடை, விலக்கினார். ரொட்டி மாவு பாலில் பிசைந்தது, விலக்கினார். சோற்றில் நெய், காய்கறியில் வெண்ணெய், பழத்தின் மேல் தேன். கடைசியில் என் தட்டில் எஞ்சியவை நாலு வெள்ளரித் துண்டுகளும் ஒரு பல்குத்தும் குச்சியும். பக்கத்து மேசையில் எண்ணெய் மினுக்கோடு தட்டு தட்டாகப் போய்க்கொண்டிருந்தது. சீட்டில் 'முழு உணவு' என்று முத்திரை குத்திக் கொடுத்தார். நான் வெள்ளரியை மென்றேன். அது வெள்ளரி மாதிரியேதான் இருந்தது.

இரண்டு வருஷம் இப்படி ஓடிற்று. பிறகு ஒரு நாள், ஒரு பேருந்து நிலையத்தில், டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் அந்தத் தகரக் கடையைக் கண்டேன். ஆறு முக்காலி, ஒரு அடுப்பு, அடுப்புக்குப் பின்னால் ஓர் அக்கா. அவரைக்காயும் கத்தரிக்காயும் வேக வைத்து, வறுத்த வேர்க்கடலையை அரைத்து விட்டு, சுட்ட பூண்டை நசுக்கிப் போட்ட கெட்டிக் குழம்பு. தொட்டுக்கொள்ள ஓரம் முறுகிய ரொட்டி. வாசனையிலேயே எனக்குக் கால் நின்றுவிட்டது.

"அக்கா, இதுல பால், வெண்ணெய் ஏதாவது இருக்கா?"

"இந்த வெயில்ல பால் எங்க சார் நிக்குது? ஃப்ரிட்ஜா வச்சிருக்கேன்? அதனால எதுலயும் ஊத்துறதே இல்ல."

முதல் வாயிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. காரம் இல்லை, சந்தோஷம். பூண்டு கரைந்து, கடலை நாக்கில் ஒட்டி, ரொட்டி அதை வழித்துக்கொண்டு போயிற்று. மூன்று தட்டு சாப்பிட்டேன். அந்த ஊரில் ஒரே நாளில் பார்க்க வேண்டிய தராசுகளை ஏழு நாளாகப் பார்த்தேன்.

அங்கேதான் சனியன் பிடித்தது. அக்கா கடைக்கு அங்கீகாரம் கிடையாது, முத்திரை கிடையாது. ஆக அந்த ஏழு நாளும் நான் பயணம் போகவில்லை. பயணம் போகவில்லை என்றால் அலுவலகத்தில் இருந்திருக்க வேண்டும். வருகைப் பதிவேட்டின்படி அங்கேயும் நான் இல்லை. மேற்படி ஏழு நாட்கள் தாங்கள் எங்கேயும் இல்லாமல் இருந்ததற்கான விளக்கத்தை உடன் சமர்ப்பிக்கவும் என்று கடிதம் வந்தது.

வேலையும் போகக் கூடாது, குழம்பும் போகக் கூடாது. அக்கா கடைக்கு அங்கீகாரம் கேட்டு எழுதிவிட்டால் இரண்டும் நிலைக்குமென்று கணக்குப் போட்டேன். அக்காவிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வந்தீங்களா, சாப்பிட்டீங்களான்னு இருங்க சார். ஆபீஸ்காரங்களை எதுக்கு இங்க கூப்பிடுறீங்க?"

நான்தான் ஆபீஸ்காரன் என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது. எனக்கும்தான். எழுதிப் போட்டுவிட்டேன்.

சுகாதாரத் துறையிலிருந்து ஒருவர், சுற்றுலாத் துறையிலிருந்து ஒருவர், எங்கள் தலைமை எழுத்தர் என மூவர் குழு வந்து இறங்கியது. முக்காலிகளைத் துணி போட்டுத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு தட்டு சாப்பிட்டார்கள். ஆய்வின் நலன் கருதி இன்னொரு தட்டும் சாப்பிட்டார்கள். மூன்றாவது தட்டை வழித்த பிறகு தலைமை எழுத்தர் முகத்தைச் சுருக்கினார்.

"இதுல வெண்ணெய் இருக்கு."

"இல்லைங்க ஐயா," என்றாள் அக்கா.

"அப்ப ஏம்மா இவ்வளவு நல்லா இருக்கு?"

சுகாதாரம் ஆமோதித்தது. நனிசைவ உணவு எப்படி இருக்கும் என்பதற்கு இரண்டு வருஷமாக விடுதியில் பரிமாறப்பட்ட முன்னுதாரணம் கோப்பில் இருக்கிறது. அது நன்றாக இருந்ததாக யாரும் சொன்னதில்லை. இது நன்றாக இருக்கிறது. எனவே இது அது இல்லை. குழம்பை ஒரு சீசாவில் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். வெண்ணெய் காணப்படவில்லை என்று முடிவு வந்தது.

நான் வெற்றி என்று நினைத்துவிட்டேன். குழு அறிக்கை இப்படி முடிந்திருந்தது: 'மேற்படி வெண்ணெய், காணப்படாத நிலையில் உள்ளது என்று இக்குழு ஒருமனதாக முடிவு செய்கிறது.'

அறிக்கையின்படி கடை இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பக்கம் அங்கீகரிக்கப்பட்ட நனிசைவப் பிரிவு. அங்கே விடுதி முன்னுதாரணப்படி வெள்ளரி மட்டும். மறுபக்கம் குழம்பு. அதன் மேல் ஒரு பலகை: 'இவ்வுணவில் வெண்ணெய் உள்ளதாக அரசுக் குழு ஐயுறுகிறது.' எனக்கு வெள்ளரிப் பக்கம் உட்காரத்தான் அனுமதி. இதற்குள் வேறு மாவட்டத்துக்கு என்னை மாற்றிவிட்டார்கள்.

ஆறு மாதம் கழித்துத் திரும்பவும் அந்த ஊருக்குப் போட்டார்கள். பேருந்து நின்றதும் ஓடினேன் என்றே சொல்லலாம். கடையைச் சுற்றி இரண்டு வரிசை நின்றது. குழம்பு வரிசை தெருமுனை வரைக்கும். பலகையைப் படித்தவர்கள், அரசாங்கமே சந்தேகப்படுகிற அளவுக்கு வெண்ணெய் போடுகிறாளாம் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளரி வரிசையில் கறுப்புக் கண்ணாடியும் துணிப்பையுமாக இளவட்டங்கள். நாலு துண்டையும் பதினாறு கோணத்தில் படம் பிடித்துவிட்டு, உடம்பு லேசானாற்போல் இருக்கிறது என்று ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டார்கள். சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை.

நான் பின்பக்கமாகப் போய் அக்காவிடம் ஒரு தட்டு கேட்டேன். அவள் கரண்டியை எடுக்கவில்லை.

"உங்களுக்கு வேண்டாம் சார். இப்ப வெண்ணெய் போடுறேன்."

ஏன் என்று மட்டும் கேட்டேன்.

"போர்டுல எழுதியிருக்கே. உள்ள வெண்ணெய் இல்லேன்னா போர்டு பொய்யாம். பொய் போர்டு வச்சா கடைக்குச் சீல் வைப்பாங்களாம். எனக்கு இந்தக் கடைதானே சார் இருக்கு. அதுக்குன்னே ஃப்ரிட்ஜ் வாங்கியிருக்கேன்."

அவள் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு சட்டியாவது வெண்ணெய் இல்லாமல் தனியாக வைக்கக் கூடாதா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். முடியாது என்று தலையாட்டிவிட்டாள். வாரத்துக்கு ஒரு முறை ஆள் வந்து வெண்ணெய் குறையாமல் இருக்கிறதா என்று எடை போட்டுப் பார்ப்பானாம். எந்தத் துறை ஆள் என்று கேட்டேன். உங்க துறைதான் சார் என்றாள். பையில் இருந்த, இன்னும் பிரிக்காத வேலை உத்தரவைப் பிரித்தேன். அந்த வாரத்து ஆள் நான்தான்.

தராசை வைத்தேன். வெண்ணெய்க் கட்டியை நிறுத்தேன். ஐந்து கிராம் குறைந்தது. அக்கா ஒரு துண்டு வெட்டி வைத்தாள். முள் நேராக நின்றது. முத்திரை குத்தினேன். பிறகு என் நாளைப் பயணம் மேற்கொண்ட நாளாக்கிக்கொள்வதற்காக வெள்ளரி வரிசையில் போய் நின்றேன்.

சாப்பிட்டு முடித்ததும் கருத்துப் படிவம் நீட்டினார்கள். உணவின் சுவை என்பதற்கு எதிரே இரண்டு கட்டங்கள்: நன்று, மிக நன்று. 'நன்று' என்று போட்டால், ஏன் மிக நன்று இல்லை என்று மூன்று பிரதியில் விளக்கம் தர வேண்டும். மூன்றாவது கட்டம் கேட்டு மனுக் கொடுக்க எனக்குத் தெம்பில்லை. பேருந்துக்கும் நேரமாகிவிட்டது. மிக நன்று என்று போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

போன வாரம் சுற்றறிக்கை வந்தது. அனுபவமிக்க ஆய்வாளர் ஒருவரின் மனமுவந்த பாராட்டின் அடிப்படையில், இனி எல்லா விடுதிகளிலும் எல்லா அலுவலர்களுக்கும் எல்லா நாளும் வெள்ளரி மட்டுமே வழங்கப்படும். நல்லவேளை, பெயர் போடவில்லை. மதியம் உணவறையில் நாலு துண்டை முன்னால் வைத்துக்கொண்டு எல்லாரும் அந்த ஆய்வாளனைத் திட்டித் தீர்த்தார்கள். தலைமை எழுத்தர் அவன் குடும்பத்தையும் விடவில்லை. நானும் சேர்ந்து திட்டினேன். சும்மா சொல்லக் கூடாது, இருந்தவர்களிலேயே மனசாரத் திட்டியது நான்தான்.