மறுபூசை காணாத பட்டறை

தாராவி,
1968 தை மாதம்

சகல குணமும், தேவைக்கு மேல் மீசையும் உடைய மாப்பிள்ளை செல்லப்பாண்டி அவர்களுக்கு, மச்சான் ஆறுமுகநயினார் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் பேராச்சியும் சுகம். அவ்விடம் நீயும் என் தங்கை பூமாரியும் மருமக்களும் சுகமாயிருக்க முப்பிடாதியம்மன் துணை.

பட்டறை திறந்தாச்சாமே, உப்பளத்து வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு ரயிலேறலாமா என்று கேட்டிருந்தாய். திறந்தது நிஜம். ஆனால் வராதே. அளத்தில் நீ ஒரு எட்டு நகர்ந்தால் உன் மண்வெட்டியைப் பிடிக்க ஆள் நிற்கும். இங்கே நடக்கிற கூத்தைக் கேள். பகலில் படி, பூமாரிக்கு வாசித்துக் காட்டாதே.

அறுபத்தாறாம் வருஷத்து ஆயுத பூசையை நீ மறந்திருக்க மாட்டாய். லேத்துக்கெல்லாம் பொட்டு வைத்து, ஸ்பானர், சுத்தியல், அரம் எல்லாவற்றையும் முருகன் படத்துக்கு முன்னால் அடுக்கிவிட்டுக் கதவைச் சாத்தினோமே, மறுநாள் காலையில் பிரம்மநாயகம் முதலாளி மறுபூசை செய்து அவரவர் கருவியை அவரவர் கையில் கொடுப்பதற்குள் ஆர்டரெல்லாம் நிறுத்தம் என்று, நாம் உதிரிபாகம் செய்துகொடுக்கிற மில்லிலிருந்து ஆள் வந்து நின்றான், முதலாளி கற்பூரம்கூட ஏற்றாமல் பூட்டைப் போட்டுவிட்டு அம்பர்நாத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார், நீ ஊருக்குப் போனாய், நான் தாதர் ஸ்டேஷன் வாசலில் கடலை வறுக்கப் போனேன். போன கார்த்திகையில் முதலாளி சாவியைக் கொடுத்தனுப்பினார். தொழில் மந்தம் போய்விட்டதாம், பேப்பரிலேயே போட்டிருக்கிறதாம். திறந்தோம். லேத்து மேலெல்லாம் விரல் கனத்துக்குத் தூசி, கூரையெல்லாம் ஒட்டடை. படத்துக்கு முன்னால் இருந்த கருவிகள் மேல் மட்டும் ஒரு பொட்டுத் தூசி இல்லை, மாப்பிள்ளை. நேற்று வைத்த மாதிரிக் குங்குமம். "எலிகூட மறுபூசைக்குக் காத்துக் கெடக்குவே" என்றேன். ஒருத்தனும் சிரிக்கவில்லை. நானும் என் சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

மறுபூசை ஆகாமல் கருவியைத் தொட ஒருத்தனுக்கும் மனசில்லை, உன் பக்கத்து லேத்து தனசீலன்தான் துணிந்தான். "நான் வேதக்காரன், எனக்கென்னவே மறுபூச?" என்று ஸ்பானரை எடுத்து ஒரே ஒரு நட்டை முறுக்கினான். மறுநாள் விடியுமுன் கொய்னாவில் பூமி அதிர்ந்து பம்பாயே ஆடியது, கரண்டு போய் மில்லெல்லாம் நின்றது. தனசீலன் ஓடி வந்து ஸ்பானரை எடுத்த இடத்திலேயே வைத்து, பொட்டையும் அவனே வைத்துவிட்டு, முழங்காலில் நின்று ஜெபமும் பண்ணினான். "கொய்னாவுக்கும் உம்ம கைக்கும் என்னவே சம்பந்தம்?" என்றால், "அப்பம் நீங்க தொடுங்க அண்ணாச்சி" என்கிறான். எனக்கு அன்றைக்குப் பார்த்துக் கையில் சுளுக்கு.

கரண்டு திரும்ப வந்துவிட்டது. மோட்டார் துருப்பிடிக்கக் கூடாது, தினமும் ஓட விடுங்கள் என்று முதலாளி உத்தரவு. அதனால் காலையில் மில் போங்காச் சங்கு ஊதியதும் வந்து சுவிட்சைப் போடுகிறோம். கூரைக்குக் கீழே, லேத்துகளைப் பெல்ட்டால் ஓட்டுகிற அந்த நீளமான ஷாப்ட்டு கரகரவென்று சுற்றுகிறது, மாட்டாத பெல்ட்டெல்லாம் பாம்பு மாதிரி தொங்கி ஆடுகிறது, கீழே நாங்கள் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறோம். தகரத்து ஓட்டை வழியாக வெயில் விழுந்து ஷாப்ட்டின் நிழல் எங்கள் முகத்தில் ஓடுகிறது, எங்கள் நிழல் அசைவதில்லை. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு வேகமாக நடக்கிறார்கள். டீக்கடை கலீலுல்லா ஒரு நாள் வாசலில் நின்று, "என்ன அண்ணாச்சி, மையித்து விழுந்த ஊடு மாதிரி இருக்கீக? நீங்க மெசினைப் போட்டாத்தான் நான் ரெண்டாவது அடுப்பு பத்த வைப்பேன்" என்றார். சாவு வீடு என்றவர் உள்ளே மட்டும் வரவில்லை. இன்னொன்று சொல்கிறேன், பயப்படாதே. சாயங்காலம் முருகன் படத்தைப் பார்த்துக் கிடக்கிற உன் ஸ்பானர் காலையில் வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. மோட்டார் அதிர்ச்சி என்கிறான் தனசீலன். ராத்திரி நிறுத்தின மோட்டார் எப்படியடா அதிரும்?

பொறுக்காமல் அம்பர்நாத்துக்கே போனேன். முதலாளி ஊஞ்சலில் இருந்தார். "மறுபூச போட்டா நாலு பேரு இருக்கிற பொழப்ப விட்டுட்டு வந்துருவானுவ. பெறவு ஆர்டர் நின்னா எவன் மூஞ்சியில முழிக்க? மில்லு நெறையக் குடுக்கட்டும், வாரேன்" என்றார். மில்லுக்குப் போனேன். ஸ்டோர் பார்க்கிற வானமாமலை, "மொதல்ல ஒங்க பட்டறை ஓடட்டும்வே, நம்பிக் குடுக்கலாம். துணியே விக்கல, பாதித் தறி நிக்கி" என்றார். தாதர் துணிக்கடையையும் எட்டிப் பார்த்தேன், மலைமலையாகச் சேலை, கடைக்காரன் சிலை மாதிரி. பொங்கலுக்கு ஒரு சேலை என்று பேராச்சி கேட்டபோது, "பட்டறை ஓடட்டும், பார்ப்போம்" என்று நான் சொன்னது அங்கே நின்றபோது நினைவுக்கு வந்தது. கடை எங்களைப் பார்க்கிறது, மில் கடையைப் பார்க்கிறது, அம்பர்நாத் மில்லைப் பார்க்கிறது, நாங்கள் அம்பர்நாத்தைப் பார்க்கிறோம். எல்லாரும் உயிரோடுதான் இருக்கிறோம், ஒருத்தர் கண்ணும் இமைக்கவில்லை. மந்தம் போய்விட்டதாம். போன பிறகும் வீட்டுக்குள் அதன் காலடி கேட்கிறதே, அதற்குப் பேப்பர்காரன் என்ன சொல்வான்?

ஆகையால் பட்டறை நன்றாக ஓடி நிலைக்கட்டும், நானே எழுதுகிறேன், அதுவரை உப்பையே அள்ளு. மருமக்களுக்கு என் ஆசீர்வாதம், பூமாரிக்கு அண்ணன் அன்பு, உனக்கு ஒரு குட்டு.

இப்படிக்கு
ஆறுமுகநயினார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் பேராச்சிக்கு வாசித்துக் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். "அம்பர்நாத்துக்காரரு ஒங்களுக்குச் சொன்னதத்தான நீங்க தம்பிக்கு எழுதியிருக்கீக? ஓடட்டும், பெறவு வான்னு. அவுக அவுக ஒதுங்கி நின்னா அத யாரு ஓட்டுவா, பேயா?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். மேலே எழுதியதையெல்லாம் அடிக்க மை போதாது, அடித்ததாகவே வைத்துக்கொள். முதலில் நீ மட்டும் புறப்படு. நாளைக் காலை நானே கற்பூரம் ஏற்றி, உன் லேத்தில்தான் முதல் பெல்ட்டை மாட்டப்போகிறேன். தாதர் ஸ்டேஷனில் என்னைக் காணவில்லை என்றால் பதறாதே, வேலை மும்முரம் என்று நினைத்து நேரே பட்டறைக்கு வா. லேத்து ஓடிக்கொண்டிருக்கும். அங்கேயும் என்னைக் காணவில்லை என்றால் பூமாரிக்கு எழுதாதே. பெல்ட்டை மட்டும் கழற்றிவிடாதே.