மேற்படி என்றோர் ஊர்

சிவமயம்

வவுனியா,
18.10.2000

பேரன்பும் பெருமதிப்புமுடைய அன்னபாக்கியம் அக்கா அவர்களுக்கு,

தம்பி தில்லைநாதன் வணக்கத்தோடு வரைவது. இங்கு நானும் வீட்டாரும், என் முழங்கால் நீங்கலாக, சுகமாக இருக்கின்றோம். அங்கு முள்ளியவளையில் தாங்களும் அத்தானும் கறவை மாடும் சுகமாக இருக்க முருகனை வேண்டுகின்றேன். சென்ற கடிதத்தில், எங்கள் கந்தோருக்கு வந்த கொம்பியூட்டர் என் வேலையைத் தின்ன வந்த பிசாசு என்று நாலு பக்கம் எழுதியிருந்தேன். அந்த நாலு பக்கத்தையும் தயவுசெய்து அடுப்பில் போடவும்.

எங்கள் தொண்டு நிறுவனத்தின் வேலை தாங்கள் அறிந்ததே. இடம்பெயர்ந்து வந்து நெளுக்குளம், கூமாங்குளம், பம்பைமடு ஆகிய மூன்று ஊர்களிலும் கொட்டில் போட்டிருக்கும் அறுநூற்றிப் பன்னிரண்டு குடும்பங்களுக்கு மாரி தொடங்குமுன் கூரைத் தகரம் கொடுக்க வேண்டும். கொழும்புத் தலைமைக் கந்தோர் ஒரு கட்டளை போட்டது: கொம்பியூட்டருக்குள்ளே ஊருக்கொரு போல்டர், அதற்குள்ளே குடும்பத்துக்கொரு போல்டர், வெள்ளிக்கிழமைக்கு முதல். போல்டர் இல்லாத குடும்பத்துக்குத் தகரமும் இல்லை. போல்டர் எண்டால் ஒண்டும் பெரிய சாமான் இல்லை அக்கா, எங்கட பைல் மட்டைதான். ஆனால் மட்டை இல்லை, கயிறு இல்லை, கறையானும் இல்லை. நான் மூண்டு நாள் கதிரையை விட்டு எழும்பாமல் இருந்து நாற்பத்திமூண்டு போல்டர் திறந்தன். அதிலயும் நாகேஸ்வரி எண்ட மனுசி என்ர கை தவறி மாயாண்டி எண்டவரின்ர போல்டருக்குள்ள விழுந்திட்டா. ரெண்டு பேரும் வெவ்வேற இடத்தில கலியாணம் கட்டின ஆக்கள். அவாவை வெளியில எடுக்கிற வழி தெரியாமல் நான் வேர்த்துக் கொட்டிக்கொண்டு இருக்கேக்கைதான் சுமித்திரா எட்டிப் பாத்தது.

சுமித்திரா எண்டது எங்கட கொம்பியூட்டர் பிள்ளை, இருபத்திமூண்டு வயசு. "ஐயா, நீங்கள் ஏன் கஷ்டப்படுறியள்? ஊரையும் பேரையும் வரிவரியா ரைப் பண்ணித் தாங்கோ, மிச்சத்தை அது தன்ரபாட்டில செய்யும்" எண்டுது. ரைப் அடிக்கிறது எனக்குத் தண்ணி பட்ட பாடு. ரெண்டு நாளில அடிச்சுக் குடுத்தன். பிள்ளை ஒரு எட்டு வரி எழுதிச்சுது, எட்டே எட்டு. அதின்ர பேருக்குப் பின்னால புள்ளி வைச்சு 'பட்' எண்டு கிடந்தது. கிரிக்கெட் பட்டோ பிள்ளை எண்டு கேட்டன். "இல்லை ஐயா, இதைப் பற்ச் பைல் எண்டு சொல்லுறது. ஒருக்காச் சொன்னால் அறுநூறுதரம் செய்யும், முகம் சுழிக்காது" எண்டுது. முப்பத்தொரு வருசம் அரசாங்க உத்தியோகம் பாத்தனான், அப்பிடியொரு பியோனை நான் கண்டதில்லை! பிள்ளை ஒரு பொத்தானை அமத்த, நான் தேத்தண்ணி ஊத்தப் போனன். சீனியைக் கலக்க முதல் எல்லாம் முடிஞ்சுது. வெக்கத்தை விட்டுச் சொல்லுறன் அக்கா, எழும்பி நிண்டு அந்த மெசினைக் கும்பிட்டன். அண்டைக்கே எல்லாத்தையும் டிஸ்கட்டில ஏத்திக் கொழும்புக்கு அனுப்பினம்.

செவ்வாய்க்கிழமை எங்கட மனேஜர் முத்துலிங்கம் சேர் ரெலிபோனைக் கையால பொத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "தில்லைநாதன், மேற்படி எங்க இருக்கு?"

"எந்த மேற்படி, சேர்?"

"மேற்படி எண்ட ஊர் ஐசே!"

கொழும்புத் தலைமைக் கந்தோர் மிஸ் லைனில நிண்டு கத்துறா. நெளுக்குளத்தில ஒரு குடும்பம், கூமாங்குளத்தில ஒரு குடும்பம், பம்பைமடுவில ஒரு குடும்பம், மேற்படியில மட்டும் அறுநூற்றி ஒன்பது குடும்பமாம். இவ்வளவு பெரிய ஊரை ஏன் இவ்வளவு நாளும் எங்களுக்கு மறைச்சனியள் எண்டு கேக்கிறாவாம். அப்பதான் எனக்கு விளங்கிச்சுது, பிழை என்ர. கந்தோர் வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே, முதல் வரியில ஊரின்ர பேரை எழுதினால் கீழ எல்லாத்துக்கும் மேற்படி, மேற்படி எண்டு போட்டுக்கொண்டு போறது. போன மாசம் நெளுக்குளத்தை நான் 'நெளு டாங்க்' எண்டு இங்கிலீசில மாத்தி ஏச்சு வாங்கினனான். இனி ஒண்டையும் மொழிபெயர்க்காமல் தமிழில உள்ளதை அப்பிடியே இங்கிலீசு எழுத்தில அடியுங்கோ எண்டு சேர் சொன்னவர். நானும் மேற்படியை அப்பிடியே அடிச்சுப்போட்டன், அறுநூற்றி ஒன்பதுதரம். மெசின் பாவம், சொன்னதைச் செய்தது.

அப்ப ஊருக்கு ஒரு வீட்டுத் தகரம்தான் வரப்போகுது எண்ட கதை வெளியில பரவ எவ்வளவு நேரம்? சுப்பம்மா எண்டொரு அம்மா பம்பைமடுவிலயிருந்து ஒவ்வொரு நாளும் நடந்து வாறவா. மலையகத்திலயிருந்து வந்து உங்கட பக்கம் உடையார்கட்டில கமம் செய்து, அங்கயிருந்தும் எழும்பி வந்த சனம். புருசன் பழனியாண்டி இழுப்பு வருத்தக்காரன், கொட்டில் ஒழுகுது. பொலித்தீனைத் தலையில போட்டபடி வாசலில நிண்டு, "எங்க ஊரு பேர மாத்திட்டீங்களாமே சார்?" எண்டு மரியாதையாத்தான் கேட்டா. எனக்கு அழுகை வந்திட்டுது அக்கா. கக்கூசுக்குள்ள போய் நிண்டு அழுதன்.

சுமித்திரா ஒரு சொல்லு ஏசேல்லை. "ஐயாவின்ர பழக்கத்தை மாத்த ஏலாது, மெசினைப் பழக்குவம்" எண்டு சொல்லிப்போட்டு ஒரேயொரு வரி கூடுதலாய் எழுதிச்சுது. மேற்படி எண்டு கண்டால் புது ஊர் திறக்காதை, மேல எந்த ஊர் இருந்ததோ அதையே பிடிச்சுக்கொள், இவ்வளவுதான் அந்த வரி. பொத்தானை அமத்த, அறுநூற்றிப் பன்னிரண்டு குடும்பமும் அதது ஊருக்கு ஓடிப் போய் இருந்ததுகள். தமிழ் ஒரு எழுத்துத் தெரியாத மெசினுக்கு மேற்படியின்ர கருத்தை ஒரு வரியில படிப்பிச்ச கெட்டிக்காரி! எனக்கு வேற்றுமை உருபு படிப்பிக்கப் பள்ளிக்கூடச் சட்டம்பியாருக்கு ரெண்டு வருசம் பிடிச்சது. திருத்தின டிஸ்கட் அண்டைக்குப் பின்னேரமே கொழும்புக்குப் போயிட்டுது. இந்தப் பிள்ளையாலதான் சனத்துக்குத் தகரம் வரப்போகுது. நானும் இனிச் செத்தாலும் மேற்படி எழுதமாட்டன் எண்டு சேருக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கிறன்.

ஆகையால், சண்டையால பூட்டின பாதை திறந்து ஆரும் இஞ்சால வந்தால் சுமித்திராவுக்கென்று ஒரு போத்தில் நெய் கொடுத்தனுப்பவும். அத்தானுக்கு என் வணக்கம். மூத்தவா நீங்கள் எனக்கும் கொஞ்சம் ஆசீர்வாதம் சேர்த்து அனுப்பவும், அதனால் முத்திரைக் காசு கூடிவிடாது.

தங்கள் கீழ்ப்படிவுள்ள தம்பி,
வ. தில்லைநாதன்

பி.கு. (29.10.2000): பாதை இன்னும் திறக்காதபடியால் இந்தக் கடிதம் இன்னும் என்ர சட்டைப் பொக்கற்றிலதான். அக்கா, மேல எழுதினதில பாதியை நம்பாதையுங்கோ. சுமித்திரா திருத்தின டிஸ்கட்டைக் கொழும்பில இன்னும் ஒருதரும் திறந்தே பாக்கேல்லையாம். தகரம் பங்கிடுற கூட்டத்துக்குப் போனது பிழையான முதல் டிஸ்கட். 'மாவட்டத்திலயே பெரிய ஊர், இதுவரைக்கும் ஒரு உதவியும் போகாத ஊர்' எண்டு மேற்படிக்கு அறுநூற்றி ஒன்பது வீட்டுத் தகரம், மற்ற மூண்டு ஊருக்கும் ஒவ்வொரு வீட்டுத் தகரம் எண்டு எல்லாத்தையும் ஒண்டாய் ஏத்தி அனுப்பிப்போட்டினம். போன திங்கட்கிழமை விடிய நாலு லொறி வந்துது. மேற்படி எங்க, மேற்படி எங்க எண்டு றைவர்மார் டவுண் முழுக்கக் கேட்டுத் திரிஞ்சு, ஒருதருக்கும் தெரியாதெண்டு கொழும்புக்கே திரும்ப வெளிக்கிட்டிட்டினம். கதை கேள்விப்பட்டு ஓடிவந்த சுப்பம்மா றோட்டுக்கு நடுவில நிண்டு ரெண்டு கையையும் விரிச்சு முதல் லொறியை மறிச்சாவாம்.

"மேற்படி இதுதாங்க. எறக்குங்க."