கிரஹாம் வீட்டுக் கழிவறையில் ஓர் இறுதிப் போட்டி

கிரஹாமுக்குத் தமிழ் தெரியாது என்ற ஒரே தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

மேட்ச் பார்க்கிற எல்லா வீட்டிலும் ராசியில்லாத ஆள் ஒருவர் இருப்பார். எங்கள் வீட்டில் அது நான். திண்டுக்கல்லில் நான் டிவி முன்னால் வந்து உட்கார்ந்தால் அடுத்த பந்தில் விக்கெட் விழும். நம்முடைய விக்கெட்தான். "டேய், நீ அடுப்படிக்குப் போடா!" என்று அண்ணன் கத்துவான். ஒரு உலகக் கோப்பை முழுவதையும் அடுப்படியில் பூண்டு உரித்தபடி காதால் மட்டுமே பார்த்தவன் நான். (ஜெயித்தோம். அதற்கான நன்றி எனக்கு இன்றுவரை வந்து சேரவில்லை.) பிறகு பொறியியல் படித்தேன், மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கும் வேலைக்குப் போனேன், கடல் தாண்டினேன். இந்த நம்பிக்கையும் பெட்டியோடு கூடவே வந்துவிட்டது.

எட்டு வருடங்களுக்கு முன்பு, ஜெர்மனியில் வால்டோர்ஃப் என்ற ஊரில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்து எனக்கு ஐந்தாவது மாதம். ஆறு மாதம் ப்ரொபேஷன். அதற்குள் மேலாளர் "இவர் வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் இரண்டே வாரத்தில் வேலை போய்விடும். வேலை போனால் விசா ஆட்டம் காணும். என் மனைவி கவிதா தன் வங்கி வேலையை விட்டுவிட்டு என்னை நம்பி வந்திருந்தாள். அந்த மாதங்களில் அலுவலகத்தில் யாராவது "குட் மார்னிங்" சொன்னால்கூட, ஏன் சொல்கிறார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன்.

அந்த மேலாளர்தான் கிரஹாம். ஜெர்மன்காரியைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்ட ஆங்கிலேயர். ஆறடி உயரம், அதிகம் பேசமாட்டார். அவருடைய சொந்த ஊருக்கு ஒரு கால்பந்து அணி உண்டு. அது இங்கிலாந்தின் நான்காம் பிரிவில் இருபத்திரண்டு வருடங்களாகக் கிடந்தது. அந்த மே மாதம் அது ப்ளே ஆஃப் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது. மூன்றாம் பிரிவுக்குப் போக மிச்சமிருக்கும் ஒரே ஒரு இடத்துக்கு நான்கு அணிகள் மோதும் சமாச்சாரம் அது. கடைசி இரண்டும் வெம்ப்ளியில் ஆடும். ஜெயித்தால் மேலே. தோற்றால் பழைய குருடி, கதவைத் திறடி.

"ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் பார்க்கலாம், யார் வருகிறீர்கள்?" என்று கிரஹாம் கேட்டார். ஜெர்மன் சகாக்கள் ஒவ்வொருவராக, "நன்றி, எனக்கு அதில் ஆர்வமில்லை" என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னார்கள். மேலாளரிடம் இப்படிப் பேசலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நாம் அப்படியா வளர்ந்தோம்?

"கண்டிப்பா வர்றேன் சார். ரொம்ப நாளா ஆசை" என்றேன்.

ஆங்கிலக் கால்பந்தில் நான்காம் பிரிவு என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரிந்து அப்போது நாற்பது விநாடிதான் ஆகியிருந்தது.

ஞாயிறு மதியம் போனேன். வாசலில் ஷூவைக் கழற்றியதும் இடது சாக்ஸின் ஓட்டை வழியாகக் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. அதை மறைக்க ஒரு காலின் மேல் இன்னொரு காலை வைத்தபடியே வணக்கம் சொன்னேன். கிரஹாமின் மனைவி உல்ரிக்கே நல்ல மனுஷி. மே மாதம் இந்தப் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் வேகும் வெள்ளை அஸ்பாரகஸ் (நம் ஊர்த் தண்ணீர்விட்டான் கிழங்கின் உறவு) தண்டு, அதன் மேல் மஞ்சள் குழம்பு என்று தட்டு நிறைய வைத்தார். கிரஹாம் சாப்பிடவில்லை. கழுத்தில் தன் அணியின் பழைய துண்டு ஒன்றைச் சுற்றிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"என் அப்பா இதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்" என்றார், என்னைப் பார்க்காமல்.

தட்டோடு சோபாவில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த சோபா அமுங்கி நிற்பதற்குள் எதிரணி கோல் போட்டது.

அண்ணனாக இருந்தால் கத்தியிருப்பான், நானும் எழுந்து போயிருப்பேன். இங்கே கத்த ஆளில்லை. இடைவேளை வரை, திண்டுக்கல்லிலிருந்து சுமந்து வந்த என் இரண்டு கண்களையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் பாதி தொடங்கியதுமே உண்மையாகவே அவசரம் வந்து, வாசலோரம் இருந்த விருந்தினர் கழிவறைக்குப் போனேன். கதவைப் பூட்டியதும் கூடத்தில் ஒரு கர்ஜனை. கிரஹாம்தான். கோல்! ஒன்றுக்கு ஒன்று.

சந்தோஷமாக வெளியே வந்தேன். வந்ததும் எதிரணி அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. மறுபடி உள்ளே போனேன். நம் அணி முன்னேறும் சத்தம் கேட்டது. மறுபடி வெளியே தலையை நீட்டினேன். நம் கோல்கீப்பர் வழுக்கி விழுந்தார். என் தொழில் பிழை கண்டுபிடிப்பது. ஒரே தவறு மூன்று முறை வந்தால் நாங்கள் அதைத் தற்செயல் என்று சொல்வதில்லை. பிழை எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

கிரஹாமிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். "சார், நான் பார்த்தால் உங்கள் அணி தோற்றுவிடும்" என்று ப்ரொபேஷனில் இருக்கும் பொறியாளன் எப்படிச் சொல்வான்? சொல்லாமல் வெளியே வந்து, அவர்கள் தோற்றுவிட்டால்? இருபத்திரண்டு வருடமும், செத்துப்போன அவர் அப்பாவும், என் விசாவும் ஒரே தாழ்ப்பாளில் தொங்குவதாக எனக்குப் பட்டது. பயத்தில் முதுகு நனைந்துவிட்டது.

ஆட்டம் சமனில் முடிந்து கூடுதல் நேரத்துக்குப் போனது. அதாவது இன்னும் அரைமணி நேரம். கவிதாவுக்குப் போன் போட்டேன்.

"எங்கங்க இருக்கீங்க? ஏன் குசுகுசுன்னு பேசுறீங்க?"

"கிரஹாம் வீட்டு பாத்ரூம்ல. நான் உள்ள வந்தப்புறம்தான் கோல் விழுந்துச்சு."

இன்னொரு பெண்ணாக இருந்தால் திட்டியிருப்பாள். கவிதா மதுரைக்காரி. கல்யாணமான புதிதிலேயே, இறுதி ஓவரில் என்னை மொட்டை மாடிக்கு அனுப்பியவள்.

"அப்ப அங்கயே இருங்க. கால அசைச்சீங்கன்னா பாத்துக்கங்க!" என்றாள். அத்தோடு என் போனில் சார்ஜ் தீர்ந்தது.

கதவு தட்டப்பட்டது. "செந்தில், எல்லாம் சரிதானே?" உல்ரிக்கே.

"சரிதான், சரிதான்" என்றேன். பத்து நிமிடம் கழித்து மறுபடி தட்டினார். "தண்டு ஒத்துக்கொள்ளவில்லையா? ஏதாவது அலர்ஜியா?" இந்த முறை என் "சரிதான்" எனக்கே கேட்கவில்லை.

பெனால்டி. அணிக்கு ஐந்து உதை. முதல் உதையின்போது நான் சாக்ஸ் ஓட்டையைப் பாதத்துக்கு அடியில் தள்ளுவதற்காக ஒற்றைக் காலில் நின்று, ஒரு கையால் தண்ணீர்க் குழாயைப் பிடித்திருந்தேன். "யெஸ்!" என்று கிரஹாம் கத்தினார். அவ்வளவுதான். கவிதாவின் உத்தரவு காதில் ஒலித்தது. காலை இறக்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். இரண்டாவதும் யெஸ். மூன்றாவதும் யெஸ். தொடை நடுங்கியது. உல்ரிக்கே தட்டினார், கூப்பிட்டார், மறுபடி கூப்பிட்டார். வாயைத் திறந்தால் ராசி கலைந்துவிடும் என்று பேசாமல் நின்றேன்.

"கிரஹாம்! அவரிடமிருந்து சத்தமே இல்லை!"

"ஒரு நிமிஷம்! கடைசி உதை!"

"அவர் செத்துக்கொண்டிருக்கலாம்!"

ஓடி வரும் காலடி கேட்டது. இருபத்திரண்டு வருடம் காத்திருந்த மனிதர், கடைசி உதையை விட்டுவிட்டு, ஐந்து மாதமே தெரிந்த எனக்காக எழுந்து வந்துவிட்டார். அந்தக் கணத்தில் எனக்கு வந்த வெட்கம் இன்றும் போகவில்லை. "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

கிரஹாம் தோளால் கதவை இடித்தார். ஞாயிற்றுக்கிழமை ஆணி அடித்தாலே சண்டைக்கு வரும் ஊர் இது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்ட ஆரம்பித்தார். மூன்றாவது இடியில் பூட்டு பெயர்ந்து கதவு திறந்தது. அதே நொடியில் கூடத்து டிவியில் ஒரு லட்சம் பேர் கத்துவது போல ஒரு சத்தம்.

கிரஹாம் என்னைப் பார்த்தார். நான் கொக்கு மாதிரி நின்றுகொண்டிருந்தேன். அவர் திரும்பி டிவிக்கு ஓடினார். திரையில் அவர் ஊர் அணிச் சட்டை போட்டவர்கள் ஒருவர் மேல் ஒருவராகக் குவிந்து கிடந்தார்கள்.

ஜெயித்துவிட்டார்கள். அவர் அதைப் பார்க்கவில்லை.

அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாதபடி அவர் தரையில் உட்கார்ந்திருந்தபோது, உல்ரிக்கே அழைத்திருந்த ஆம்புலன்ஸ் வந்தது. இரண்டு பேர், சிவப்பு உடுப்பு. ரத்த அழுத்தம் பார்த்தார்கள். எகிறியிருந்தது. எழுத ஒரு படிவம் வேறு. "உள்ளே ஏன் இருந்தீர்கள்?" என்று கேட்டார்கள். என் அரைகுறை ஜெர்மனில், எல்லார் முன்னாலும், உண்மையைச் சொன்னேன்: "நான் பார்த்தால் தோற்றுவிடுவார்கள்."

"எவ்வளவு காலமாக இந்தத் தொந்தரவு?" என்று கேட்டு, முகத்தில் சின்னச் சிரிப்புகூட இல்லாமல் எழுதிக்கொண்டார் ஒருவர். "சின்ன வயதிலிருந்து" என்றேன். அதையும் எழுதினார்.

மறுநாள் கிரஹாம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கவிதாவிடம், "பெட்டியைத் தூசி தட்டி வை" என்று செய்தி அனுப்பிவிட்டுப் போனேன். கதவைச் சாத்தப் போனேன். "வேண்டாம், நீ எந்தக் கதவையும் சாத்தாதே" என்றார். நான் நின்றேன்.

"என் அணிக்காக ஒன்றரை மணி நேரம் அதற்குள் நின்றாயா?"

"ஆமா சார். மன்னிச்சிடுங்க."

"என் கூடப் பிறந்தவனே அதைச் செய்யமாட்டான்" என்று சொல்லி, என் வேலையை உறுதி செய்யும் காகிதத்தை நீட்டினார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு முக்கிய ஆட்டத்துக்கும் அவரிடமிருந்து ஒரே செய்தி வரும்: "உள்ளே போய்விட்டாயா?" நானும் போய்விடுவேன். அணி ஏழு வருடம் மூன்றாம் பிரிவில் தாக்குப் பிடித்தது.

போன வருடம் அது மறுபடி கீழே விழுந்தது. கடைசி ஆட்டம் முடிந்ததும் கிரஹாம் போன் செய்தார். "செந்தில், நீ உள்ளேதானே இருந்தாய்?"

"உள்ளேதான் இருந்தேன், கிரஹாம்" என்றேன்.

பொய். ஏழு வருடம் ஆகிவிட்டதே, ஒருமுறை பார்த்தால் என்ன என்று சோபாவில் உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் பார்த்தேன். பக்கத்தில் என் ஆறு வயது மகள் யாழினி. ஜெர்மனும் தமிழும் ஒரே வேகத்தில் பேசுவாள். ஞாயிறுதோறும் உல்ரிக்கே வீட்டுக்குக் கேக் சாப்பிடப் போகிறவள்.

நான் போனை வைத்ததும் அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்பா, கிரஹாம் அங்கிள்ட்ட சொல்லிடவா?"

அன்றிலிருந்து ஒரு வருடமாக, அவள் ஐஸ்கிரீம் கேட்டால் எங்கள் வீட்டில் யாரும் "இல்லை" என்று சொன்னதில்லை.