சவூதி மாத்திரை

அச்சன்புதூர்

அன்பு மருமகன் ஆதம் அவர்களுக்கு மாமா சேக் மைதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு ஹஸீபாவும் பிள்ளையும் நலம். உங்கள் மாமி நலம். நானும் நலம். முஃபீத் நலம் என்று எழுத வந்தேன், கை நிற்கிறது.

போனில் சொல்லியிருக்கலாம். உங்கள் மாமி ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். தெரு முழுக்கக் கேட்கும். அதனால் காகிதம். நீங்கள் இருக்கும் தம்மாமுக்கு வரும் துல்கர்னைனிடம் ஒட்டிக் கொடுக்கிறேன்.

என் மகன் முஃபீத் அந்த அடிதடி வழக்கில் உள்ளே போனபோது, நீங்கள் விசா அனுப்பி சவூதிக்குப் போயிருப்பதாகத் தெருவில் சொன்னோம். நீங்களும் சம்மதித்தீர்கள். சவூதி என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. ஆனால் ஜெயிலில் அவனுக்கு வலிப்பு வந்தது. அங்கேயே டாக்டர் பார்த்தார். தினமும் சாப்பாடு முடிந்ததும் வார்டர் பக்கத்தில் நின்று மாத்திரையை விழுங்க வைப்பாராம். வலிப்பு அடங்கிவிட்டது. விடும்போது கொஞ்சம் மாத்திரையும் ஒரு சீட்டும் கொடுத்து, "ஒரு நாளும் நிறுத்தாதே, ஊரில் டாக்டரிடம் சொல்லி வாங்கிக்கொள்" என்றார்களாம். சொல்லி என்றால், எதைச் சொல்லி?

சவூதியிலிருந்து வந்தவன் வெறுங்கையோடு வர முடியுமா? தென்காசி பஜாரில் செண்டும் தைலமும் வாங்கி, விலை ஒட்டியிருந்ததைச் சுரண்டி, தெருவுக்குப் பங்கு வைத்தாள் உங்கள் மாமி. மாத்திரை அட்டையில் அரசாங்க முத்திரை. யார் கண்ணிலும் படக் கூடாதென்று எல்லாவற்றையும் பிதுக்கி, அரபி எழுத்துப் போட்ட பேரீச்சம்பழ டப்பாவில் கொட்டினாள். அட்டையை அடுப்பில் போட்டாள். எதிர்வீட்டு பீர் மைதீன் வந்தவர் டப்பாவைத் திறந்துவிட்டார்.

"என்ன மதினி, சவூதி மாத்திரையா? முட்டுவலிக்குள்ளதா?"

"ஆமா." வேறென்ன சொல்வாள்.

அள்ளிக்கொண்டு போனார். இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. எழுந்ததும், "அங்க உள்ள மருந்து மருந்துதாம்லே! முட்டு இருக்கதே தெரியல" என்று தெருவெல்லாம் சொன்னார். பிறகு தெருவில் முட்டு உள்ளவர்கள் அத்தனை பேரும் வந்தார்கள். டப்பா காலி.

கிளினிக்குக்குப் போனோம். கம்பவுண்டர் நம் தெருக்காரர், காது நீளம். டாக்டர் கேட்டார்: "இதுக்கு முன்னாடி எங்க பாத்தீங்க?"

"தம்மாம்" என்றேன்.

"அந்தச் சீட்டக் கொண்டாங்க. பாத்துத்தான் மாத்திரை எழுதணும்."

ஜெயில் சீட்டு என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. வெளியே வந்ததும் முஃபீத் சொன்னான்: "வாப்பா, உள்ள இருக்கும்போது மாத்திரை போட்டியாலேன்னு கேக்க ஒரு வார்டர் ஐயா இருந்தாரு."

ஆகவே மருமகனே, இத்துடன் மாத்திரையின் பெயரை எழுதியிருக்கிறேன். அங்குள்ள டாக்டர் யாரிடமாவது அதே பெயரைச் சீட்டில் எழுதி வாங்கி அனுப்பவும். அவசரம். இங்கே சாரல் விழுகிறது. சவூதிக்காரன் வேன் பிடித்துத் தெருவைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போக வேண்டுமாம். நாளை புறப்பாடு. வரமாட்டேன் என்றால் சந்தேகப்படுவார்கள்.

உங்கள் சம்பாத்தியத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. நீங்களாவது உண்மையிலேயே சவூதியில் இருப்பதற்கு அவனுக்கே புகழ்.

இப்படிக்கு,
மாமா சேக் மைதீன்

பின்குறிப்பு: ஒட்டியதைப் பிரித்து எழுதுகிறேன். அங்கிருந்து சீட்டு வேண்டாம். ஐந்தருவியில் வலிப்பு வந்து பாறையில் விழுந்தான். மண்டையில் அடி. உடம்பு உதறி அடங்கிக் கண் திறந்த நேரம், குளிக்கிற கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் போலீஸ்காரர் விசில் ஊதினார். முஃபீத் எழுந்தான். ரத்தம் வடிய, கையைக் கட்டிக் குத்தவைத்து உட்கார்ந்தான். ஜெயிலில் தனக்குக் கொடுத்த நம்பரை உரக்கச் சொன்னான். தெரு முழுக்க நின்று கேட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "முன்னாடி எங்க பாத்தீங்க?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் பீர் மைதீன், "ஜெயில்ல, சார்" என்றார். சீட்டை நீட்டினேன். உடனே மருந்து எழுதினார்.

"நல்லாத்தான குடுத்திருக்காங்க. பின்ன ஏன் நிறுத்துனீங்க?"

வேனில் வந்த அத்தனை பேரும் அங்கே நின்றோம். பீர் மைதீனின் கை முட்டுக்குப் போனது.

தையல் போட்டிருக்கிறது. கண் விழித்திருக்கிறான். என்னை 'ஐயா' என்று கூப்பிடுகிறான்.