நெற்றியில் ஏறிய கொக்கு

தொப்பியில் படம் போடுவதற்கு எங்கள் கடையில் இன்று கையாளும் முறை எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. நான் கண்டுபிடித்த முறை வேறு. அது ஒரே ஒரு நாள்தான் உயிரோடு இருந்தது. அதனால்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது என்பதால், இன்றைக்கும் அதைப் பற்றிப் பெருமையாகவே பேசுவேன்.

ஐம்பதுகளின் கடைசி அது. பேகம்பூரில் அண்ணனும் நானும் தொப்பிக் கடை வைத்திருந்தோம். கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தகரக் கூரை போட்ட ஒரு சந்து, அவ்வளவுதான். (வாடிக்கையாளர் உள்ளே வந்தால் முதலாளிகள் இருவரும் வெளியே போகவேண்டும்.) அண்ணன் ஜமால் துணி வெட்டுவார், தைப்பார், விற்பார். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவன், ஆகையால் யோசிப்பேன்.

அந்த வருஷம் ஊரில் 'கொக்கு மார்க் சோடா' என்று ஒரு கம்பெனி புதிதாக முளைத்தது. தாடிக்கொம்புத் திருவிழாவுக்குத் தமுக்கடித்து விளம்பர ஊர்வலம் போக அவர்களுக்கு ஐம்பது வெள்ளைத் தொப்பி வேண்டும். முன்பக்கம் ஒற்றைக்காலில் கொக்கு. அதன் கீழே, 'கொக்கு மார்க் சோடா, குடித்தால் குளிர்ச்சி.'

அதே வாரம் என்னை மாப்பிள்ளை பார்க்க வத்தலக்குண்டிலிருந்து ஜவுளிக்கடை மொய்தீன் ராவுத்தர் வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். அவருடைய மகள் சபூராவை நான் பார்த்ததில்லை, குரலை மட்டும் கேட்டிருக்கிறேன். ஒரு கல்யாணப் பந்தியில் நான் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தபோது, திரைக்குப் பின்னாலிருந்து, "அந்தக் கடைசி எலைக்கு இன்னுங் கொஞ்சம் கறி வையிடா, கேக்க வெக்கப்படுறாரு" என்று தன் தம்பியிடம் சொன்ன குரல். அன்றிலிருந்து வீட்டில் வேறு எந்தப் பெண்ணைப் பற்றிப் பேச்செடுத்தாலும் எனக்கு வயிற்றுவலி வந்தது.

அண்ணன் என்னைப் பிடித்து உட்காரவைத்துச் சொன்னார்.

"ஏலே காதரு, அவரு ஒன் மூஞ்சியப் பாக்க வரல. கையில தொழில் இருக்கான்னு பாக்க வாராரு. சோடாத் தொப்பிய ஒழுங்கா முடிச்சு அவரு கண்ணுல காட்டுனா பொண்ணு ஒனக்கு. கோட்ட விட்டேன்னா, வத்தலக்குண்டு பஸ்ஸ வேடிக்க பாத்துக்கிட்டே கெடக்க வேண்டியதுதான்."

நான் யோசிக்கத் தொடங்கினேன்.

பூவேலை செய்யும் பெண்களிடம் கொடுத்தால் நூலாலேயே கொக்கை அழகாக எடுத்துத் தருவார்கள். ஆனால் கொக்கு முடிவதற்குள் திருவிழா முடிந்துவிடும். தையல் மிஷினில் வளையம் மாட்டிப் பார்த்தேன். தைத்து முடித்த தொப்பி வளையத்துக்குள் அடங்கவில்லை. அமுக்கி அடக்கியபோது ஊசி முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்தே தைத்துவிட்டது. (அந்தத் தொப்பியில் தலை நுழையாது. அண்ணன் அதில் வெற்றிலை வைத்துக்கொண்டார்.) பிறகு சின்னாளப்பட்டிக்குப் போய், சேலைக்கு அச்சுக்கட்டை செதுக்குகிறவரிடம் கொக்குக்கட்டை ஒன்று செய்து வாங்கிவந்தேன். கட்டை தட்டை, தொப்பி உருண்டை. கொக்கின் வயிறு மட்டும்தான் பதிந்தது.

"முட்டை மார்க் சோடாவா?" என்று கேட்டார் அண்ணன்.

அப்போதுதான் எனக்கு ஞானம் பிறந்தது. சாயம் என்றால்தானே வேர்வையில் ஓடும்? கதவுக்கும் வண்டிக்கும் அடிக்கிற பெயிண்ட் வெயிலையும் மழையையும் தாங்குகிறதே, தொப்பி மட்டும் என்ன பாவம் செய்தது? மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தகட்டில் கொக்கையும் எழுத்தையும் துளைத்தெடுத்தேன். தகடு வளையும், ஆகவே உருண்டையிலும் ஒட்டி உட்காரும். தொப்பியை மாட்ட மண்கலயங்கள். குயவரிடம் ஐம்பது கலயம் இரவல் வாங்கிவந்து கடை வாசலில் வரிசையாகக் கவிழ்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தொப்பி போட்டேன். அந்தப் பக்கம் போன கண் மங்கிய பெரியவர் ஒருவர் கூட்டம் நடக்கிறதென்று நினைத்து சலாம் சொல்லிவிட்டுப் போனார். நான் பதில் சலாம் சொன்னேன். அவ்வளவு மிதப்பில் இருந்தேன்.

பளபளப்புக்காகப் பெயிண்டில் ஆளிவிதை எண்ணெயைத் தாராளமாக ஊற்றினேன். நீலக் கொக்குகள் ஐம்பதும் அச்சுப் பிசகாமல் வந்து விழுந்தன. உண்மையிலேயே அழகு. மறுநாள் காலையில் குயவர் கலயங்களைக் கேட்டு ஆள் அனுப்பிவிட்டார்.

"நல்லாக் காஞ்சிருச்சாடா?" என்றார் அண்ணன்.

"வெரல வச்சுப் பாத்துட்டேண்ணே. ஒட்டல."

கலயங்களைக் கொடுத்துவிட்டு, தொப்பிகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்து ஒரே கோபுரமாக அடுக்கினேன். அன்று பகல் முழுக்கத் தகரக் கூரையின் கீழ் அது வெந்தது. மேலே ஆடை கட்டியிருந்த பெயிண்ட் உள்ளே ஈரமாகவே இருந்திருக்கிறது. ஊர்வல நாள் காலையில் மேல் தொப்பியைத் தூக்கினேன். ஐம்பதும் சேர்ந்து வந்தன.

அண்ணன் ஒரு முனையையும் நான் ஒரு முனையையும் பிடித்து இழுத்தோம். சர்ரக், சர்ரக்கென்று ஒவ்வொன்றாகக் கழன்றன. நல்ல வேளை, வெளியே கொக்குக்குப் பெரிய சேதமில்லை. ஆனால் அடியில் கிடந்ததைத் தவிர ஒவ்வொரு தொப்பியின் உட்பக்கத்திலும் இன்னொரு கொக்கு, எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பி, கண்ணாடியில் பார்ப்பதுபோல.

"தொப்பிக்கு உள்ள எவண்ணே பாக்கப் போறான்?" என்றேன்.

ஆட்கள் வந்து தொப்பி போட்டுக் கடை வாசலில் நின்றார்கள். ஓர் ஆள் குறைந்ததால் நானும் ஒன்றை மாட்டிக்கொண்டேன். ராவுத்தர் வந்தார். முக்காலி போட்டு, கையில் ஒரு கொக்கு மார்க் சோடாவையும் கொடுத்தோம். அவர் தொப்பிகளைப் பார்த்தார். பார்வையில் ஒரு திருப்தி தெரிந்தது. எனக்குத் திரைக்குப் பின்னால் இருந்த குரல் காதுக்குள் கேட்டது.

தமுக்கடிக்கிறவர் வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. வேர்வை தாங்காமல் முன்வரிசையில் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். அவர் நெற்றியில் கொக்கு நின்றது. பக்கத்தில் இருந்தவர் விழுந்து விழுந்து சிரித்துத் தன் தொப்பியைக் கழற்றினார். அவருக்கும் கொக்கு. செத்த நேரத்தில் தெருவே கொக்குக் கூட்டமாகிவிட்டது. அடுக்கில் அடித்தொப்பி கிடைத்த ஒருவருக்கு மட்டும் நெற்றி சுத்தமாக இருந்தது. அவர் முகம் வாடிப்போய், "எனக்கு மட்டும் ஏண்ணே இல்ல?" என்று என்னிடம் நியாயம் கேட்டார்.

"ஏலே, என்னடா பண்ணி வச்சிருக்க?" என்றார் அண்ணன்.

பதற்றத்தில் நானும் தொப்பியைக் கழற்றினேன். ராவுத்தர் எழுந்து அருகில் வந்து என் நெற்றியை நிதானமாக, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"கொக்கு மார்க் சோடா. குடித்தால் குளிர்ச்சி."

தொப்பிக்குள் திரும்பி விழுந்த எழுத்து நெற்றியில் இன்னொரு முறை திரும்பி நேராகிவிட்டது. ஓர் ஒற்றெழுத்தின் புள்ளிகூடத் தப்பவில்லை. (இன்றைக்கும் சொல்கிறேன், அது நல்ல வேலை.)

ஆட்களோடு வந்திருந்த சோடாக் கம்பெனி முதலாளி முதலில் கத்தத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் கூடிவிட்ட கூட்டம் ஒவ்வொரு நெற்றியாகச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தது. அவர் வாயை மூடி, யோசித்து, "தொப்பியக் கையில வச்சுக்கிட்டே நடங்கப்பா" என்றார். ஊர்வலம் ஆரவாரமாகக் கிளம்பிப் போயிற்று.

ராவுத்தர் சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டைத் தண்ணீரில் நனைத்து என் நெற்றியில் தேய்த்துப் பார்த்தார். கொக்கு அசையவில்லை. என் தொப்பியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் ஏறிய பஸ் போன திசையைப் பார்த்து நான் வாய்விட்டு அழுதேன். அண்ணன் திட்டவில்லை. தேங்காயெண்ணெய் தடவிவிட்டார்.

நான்கைந்து நாள் கழித்து அவரே திரும்பி வந்து, அந்தத் தொப்பியை எங்கள் முன்னால் வைத்தார்.

"எம் மகளுக்கு இதக் காட்டி நடந்ததச் சொன்னேன். ரொம்ப நேரம் சிரிச்சா. அப்பறம் ஒரு கேள்வி கேட்டு விட்டிருக்கா. தொப்பியாத் தைக்கிறதுக்கு முந்தி, துணியா இருக்கயிலயே அச்சடிச்சுக் காயப்போட்டுட்டு, அதுக்கப்பறம் தச்சா என்னன்னு கேக்குறா."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். தட்டைத் துணி, தட்டைக் கட்டை. அம்புட்டுத்தான் சங்கதி. இத்தனை வருஷத் தொழிலுக்கும் எஸ்.எஸ்.எல்.சி. படிப்புக்கும் சேர்த்தே அது தோன்றவில்லை.

அண்ணன் எழுந்து ராவுத்தரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மாமா, எந் தம்பிய ஒங்களுக்குப் பிடிக்குதோ பிடிக்கலையோ, இந்தப் பொண்ண எங்க கடைக்குக் குடுத்துருங்க."

"அவளுக்குப் பிடிச்சிருக்கு போல. கொக்கு இன்னும் இருக்கான்னு பாத்துட்டு வரச் சொன்னா" என்றார் ராவுத்தர்.

நிக்காஹ் முடிந்து எங்களை எதிரெதிரே உட்காரவைத்தபோது சபூரா என் கண்ணைப் பார்க்கவில்லை. நெற்றியைத்தான் பார்த்தாள். "அழிஞ்சிருச்சே" என்றாள், நிஜமான வருத்தத்தோடு.

அதன்பிறகு கடையில் எந்தக் கட்டை வாங்குவது, எந்தச் சாயம், எந்த மிஷின் என்பதெல்லாம் அவள் சொல்வதுதான். சுற்றுவட்டாரத்தில் எங்கள் தொப்பிக்கு ஒரு பெயர் இருக்கிறதென்றால் அது அவளால் வந்தது. அவளைக் கடைக்குக் கொண்டுவந்தது என் நெற்றி. இதை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

போன மாதம் பேரன் புது அச்சு மிஷின் ஒன்றை விலைபேச ஆளைக் கூட்டிவந்தான். வந்தவர் மிஷினை இறக்கிவைத்து, "மாதிரிக்கு எதுல அடிச்சுக் காட்டட்டும்?" என்று கேட்டார். மொத்தக் குடும்பமும் என் பக்கம் திரும்பியது. நானும் பழக்கதோஷத்தில் தொப்பியைக் கழற்றினேன்.