மாப்பிள்ளையின் பவளத் தொட்டியும் என் எவர்சில்வர் டிரம்மும்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் என் மகளும் புது வேலை, புது வீடு என்று நிம்மதியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லாமல் என்ன, தொட்டி எங்கள் வீட்டில்தானே இருக்கிறது.

போனில் சொல்லலாம். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீங்கள் இரண்டு தடவை "சரிங்க மாமா" சொல்லிவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன். கட்டைவிரல் அளவில் உயிரோடு வாங்கி, கண்ணாடித் தொட்டியில் கடல் உப்பு கலந்த தண்ணீர் விட்டு ஐந்து வருஷமாக நீங்கள் வளர்த்த ஊதாப் பவளம் வெளுத்துவிட்டது. நுனியில் மட்டும் கொஞ்சம் நிறம் மிச்சமிருக்கிறது. இதில் என் தப்பு எதுவும் இல்லை என்பதை விளக்கத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் கிளம்பும்போது தொட்டியை யாரோ நண்பரிடம் விட்டுப்போவதாக இருந்தீர்கள். நான்தான் குறுக்கே விழுந்து, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கடையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு யாரும் என்னை நம்பி ஒரு குடையைக்கூட ஒப்படைத்தது கிடையாது, அந்த ஆசையில் சொன்னது. நீங்களும் யோசித்து யோசித்து ஒத்துக்கொண்டு ஒரு காகிதத்தை நீட்டினீர்கள். பவளத்துக்குத் தினமும் சொட்டுச் சொட்டாகப் போக வேண்டிய மூன்று கரைசலுக்கும் தனித்தனிக் கேன் வேண்டும், கனமான வெள்ளைப் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும், சாப்பாட்டுப் பொருள் வைக்கிற தரம், திருகு மூடி, உள்ளே காற்று போகக் கூடாது, ஒன்றில் வைத்த புனலை இன்னொன்றில் வைக்கக் கூடாது. எல்லாம் சரி. கடைசி வரி, "உலோகப் பாத்திரம் கூடவே கூடாது." அதற்கு அடியில் இரண்டு கோடு. வேறு எந்த வரிக்கும் கோடு இல்லை. முப்பத்தெட்டு வருஷம் பாத்திரக் கடையில் நின்று எவர்சில்வர் விற்றவன் கையில் கொடுக்கிற காகிதத்தில் எதற்கு இரண்டு கோடு? அது யாருக்காகப் போட்டது என்று புரியாத அளவுக்கு நான் மக்கு இல்லை.

ஏற்கெனவே மனசில் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கல்யாணத்துக்கு நான் தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்து எடுத்துக் கொடுத்த பாத்திரமெல்லாம் உங்கள் வீட்டுப் பரணில் பிரிக்காத அட்டைப்பெட்டிக்குள் கிடந்ததை ஒருமுறை பார்த்தேன். கீழே சமையலறையில் கலர் கலராகப் பிளாஸ்டிக் டப்பா. நீங்கள் வீட்டைக் காலி செய்தபோது தொட்டியோடு சேர்ந்து அந்தப் பெட்டியும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது. "இங்கயே இருக்கட்டும்ப்பா, அங்க இடமில்ல" என்றாள் மகள். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

அப்படியும் தொட்டியை நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்த்தேன். மூன்றாவது வாரம் கால்சியம் கரைசல் தீர்ந்தது. புதிதாகக் கலக்க உட்கார்ந்தேன். நீங்கள் வைத்துவிட்டுப் போன கால்சியம் பொடியைத் தண்ணீரில் போட்டால் தண்ணீர் தானாகக் கொதிக்கிற மாதிரி சுடும் என்று நீங்கள் வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை, காகிதத்தின் பின்பக்கம் எழுதியிருந்ததாம், பின்பக்கத்தை யார் பார்க்கிறார்கள், நான் பாட்டுக்குக் கலந்து கைக்குக் கிடைத்த குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றினேன், அது கண்ணெதிரே சுருண்டு மடங்கிப் படுத்துவிட்டது. தரையெல்லாம் கரைசல், அதில் கால் வைத்து உங்கள் அத்தை வழுக்கி, நாற்காலியைப் பிடித்து, நாற்காலி என் மேல் விழுந்து, ஒரு வாரம் முழங்காலில் தைலம். இதுதான் உங்கள் பிளாஸ்டிக்கின் லட்சணம். அது லேசான பாட்டில், மாப்பிள்ளை சொன்னது கனமான கேன் என்றாள் அத்தை. எல்லாம் ஒரே ஜாதிதான் என்று சொல்லி, காலியான உங்கள் வெள்ளைக் கேனை அவளிடமே கொடுத்தேன். அவள் அதில் பினாயில் ஊற்றிக் குளியலறையில் வைத்துக்கொண்டாள். நான் அந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, புத்தம் புதுசாக மின்னிய ஐந்து லிட்டர் டிரம்மை எடுத்து, மறுபடி கலந்த கரைசலை ஊற்றி, தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரியின் மேல் தட்டில் வைத்தேன். கரைசலைத் தொட்டிக்கு எடுத்துப் போகிற குழாய்க்காக மூடியில் ஓட்டை போட மனசு வரவில்லை, லேசாகத் திறந்தே வைத்தேன்.

ஒரு மாதம் ஆயிற்று. போன வாரம் மத்தியானம் அலமாரிக்குள் படபடவென்று சத்தம் வந்து தொட்டியின் மோட்டாரெல்லாம் நின்றுவிட்டது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். பிளக் போர்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "மேலருந்து ஏதோ சொட்டியிருக்குங்க" என்றான். மேலே டிரம்தான் இருக்கிறது, அது சொட்டாது என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையே சரியில்லை. அன்றைக்கே பவளம் வெளுக்க ஆரம்பித்திருந்தது, இல்லை, அதற்கு நாலைந்து நாள் முன்னாலேயே. ஆகவே காரணம் உங்கள் உப்பாக இருக்கலாம், மோட்டாராக இருக்கலாம், எலக்ட்ரீஷியனாகவே இருக்கலாம். "அந்தக் காகிதத்த இன்னொரு தடவ படிங்களேன்" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி சொன்னாள் அத்தை. படிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. நான் விற்ற எவர்சில்வரில் ஒன்றைக்கூட ஓட்டை என்று யாரும் திருப்பிக் கொண்டுவந்தது கிடையாது.

ஆகவே மாப்பிள்ளை, யாரையாவது அனுப்பி உங்கள் தொட்டியை எடுத்துக்கொள்ளவும். அந்த அட்டைப்பெட்டியை இனி நீங்களே கேட்டாலும் தர மாட்டேன். என் மகளோடு எல்லாச் செல்வமும் பெற்று, பிளாஸ்டிக் டப்பாக்கள் சூழ, நீண்ட காலம் நலமாக வாழ மனதார ஆசீர்வதிக்கிறேன். அத்தையும் ஆசி சொல்லச் சொன்னாள், வேறு சிலதும் சொன்னாள், அதை நான் எழுதவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது அத்தை கூப்பிட்டாள். டிரம்மைக் கழுவி வைக்கலாம் என்று தூக்கியிருக்கிறாள். தூக்கிய இடத்தில் பழுப்பாக ஒரு வட்டம். டிரம்மை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே சுற்றிலும் துரு, அடியில் ஊசியால் குத்தின மாதிரி ஐந்தாறு ஓட்டை. எலக்ட்ரீஷியன் சொன்னது சரி. நீங்கள் எழுதியதும் சரி. துருவைச் சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குள் விட்டுப் பவளத்தைக் கெடுத்தது நான்தான். மேலே உங்கள் நலம் விசாரித்ததைத் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிடுங்கள்.

அதில் ஒன்று வெறும் தப்பு இல்லை, பொய். யாரும் திருப்பிக் கொண்டுவந்தது கிடையாது என்று எழுதினேன். ஒரு பெண் கொண்டுவந்தாள். கல்யாணமாகிச் சில மாதம்தான் இருக்கும், கூடவே மாமியார். கல்லுப்பு போட்டு வைத்த டப்பா, அடியில் இதே மாதிரி ஓட்டை. "உப்புதாங்க போட்டு வச்சேன், வேற ஒண்ணும் பண்ணல" என்றாள். நான் டப்பாவை இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டு, "பாத்திரத்துல குறையில்லம்மா, வச்சுக்கத் தெரியணும்" என்றேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள். மாமியார் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அன்றைக்கு ஒன்றுமே தோன்றவில்லை மாப்பிள்ளை, அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டேன்.

காகிதத்தை இரண்டு பக்கமும் படித்தேன். நீங்கள் பின்பக்கம் எழுதியிருக்கிறபடி, பிளாஸ்டிக்கின் ரகம் தெரிய அடியில் முக்கோணத்துக்குள் இரண்டு என்று போட்ட கனமான கேன், காலையில் கடை திறந்ததும் வாங்கிவிடுகிறேன். நுனியில் இருக்கிற நிறத்தையாவது காப்பாற்ற என்ன செய்வது என்று கடிதம் கண்டதும் போன் செய்யுங்கள். நடுவில் பேச மாட்டேன். திட்டுவதாக இருந்தால் தாராளமாகத் திட்டுங்கள், என் மகள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து.